யார் சொல்லை ஏற்பது?

பிறர் சொல் எப்போது அறிவாகும் என்பதை இந்தியத் தத்துவ மரபு ஆழ்ந்து ஆராய்ந்துள்ளது. கௌதமரின் நியாய சூத்திரம் காட்சி, அனுமானம், உவமானம், சொல் என அறிவு பெறும் 4 வழிகளை (அளவைகளை) ஏற்கிறது. நம்பத்தக்கவரின் உபதேசமே சொல் என்னும் அளவை. பொருளை நேரில் அறிந்து, அறிந்தபடியே சொல்ல விரும்புபவர் நம்பத்தக்கவர் என்கிறார் உரையாசிரியர் வாத்ஸ்யாயனர். முனிவருக்கும் மிலேச்சர் எனப்பட்ட அந்நியருக்கும் இந்த இலக்கணம் பொது. ஆகவே குலமும் பட்டமும் அளவுகோல் ஆகா.

ஆனால் நம்பத்தக்க இருவர் முரண்பட்டால்? கோடை வெயிலில் ஒரு பழைய அம்பாசிடர் கார் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சூடு ஆறியதும் மீண்டும் ஓடுகிறது. பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்துவிட்டது, பம்ப் மீது ஈரத்துணி போட வேண்டும் என்கிறார் ஒருவர். இக்னிஷன் காயில் பழுது, மாற்ற வேண்டும் என்கிறார் மற்றவர். இரண்டும் நடக்கக்கூடியவை; இருவரும் தத்தம் வண்டியில் கண்டதையே சொல்கிறார்கள். அதை இந்த வண்டிக்கும் முடிவாக்குவதில்தான் பிழை. வண்டி நின்றவுடனே பிளக்கைக் கழற்றிப் பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் காயில் மீதும், நன்றாக வந்தால் பெட்ரோல் வரத்து மீதும் சந்தேகம் வலுக்கும். சொல் வழிகாட்டுகிறது, காட்சி சோதிக்கிறது.

நியாயம் விவாதத்தையும் 3 வகையாகப் பிரிக்கிறது: உண்மை காணச் செய்வது வாதம், வெல்லச் செய்வது ஜல்பம், தன் கட்சியை நிறுவாமல் பிறரை மறுக்க மட்டும் செய்வது விதண்டை. ஆலோசனை வாதமாக இருக்கும்வரை கேட்பவருக்குப் பயன் தரும். எந்தச் சோதனையில் தன் கருத்து பொய்க்கும் என்பதையும் சொல்பவர் சொல்லிவிடுவதே நேர்மை.