கடன் பட்டவளின் வழக்கு

"வாங்குன காசக் கட்ட முடியாம, குடுத்தவுக மேலயே புகார் எழுதிப் போடுறது பாவமில்லையாண்ணே?"

மதுரை செல்லூரில் தறி ஓட்டும் வீட்டுப் பெண், எனக்குத் தங்கை முறை. நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். மனு எழுதித் தரச் சொல்லி வந்தவள், நான் பேனாவை எடுத்ததும் இப்படிக் கேட்டாள். சட்டத்தில் இதற்குப் பதில் உண்டு. அவள் கேட்டது தர்மத்தை.

அவள் வாங்கியது மகளிர் குழுக்கடன். மகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனதில் தவணை நின்றுவிட்டது. நிறுவனம் வசூலுக்கு ஒரு ஏஜென்சியை அனுப்பியது. இரவு எட்டு மணிக்கு மேல் வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, பணம் வராமல் நகர மாட்டோம் என்றார்கள். கல்யாண வயதில் நிற்கும் மகளைப் பற்றிக் காது கூசப் பேசினார்கள். அதைவிடக் கொடுமை, குழுவின் மற்ற பெண்களையும் அழைத்து வந்து அதே வாசலில் உட்கார வைத்தது. அவர்களும் கடன் பட்டவர்கள்தாம். இவள் கட்டாததை அவர்கள் தலையில் வைத்தால் அவர்களே இவளை ஏசுவார்கள். ஏசினார்கள். ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் ஓடிப்போய் நின்ற தெரு அது. இன்று முகம் பார்ப்பதில்லை. பாவம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்தைப் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறேன். சுந்தரரின் திருமணப் பந்தலுக்குக் கிழ வேதியராக வந்த சிவபெருமான், 'இவன் எனக்கு அடிமை' என்று ஓலையை நீட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துப் போடுகிறார். வந்தவர் இறைவன், அவர் கேட்ட உரிமையும் உண்மை. பந்தலில் நாலு பேர் முன்னால் வம்பு பேசத்தான் செய்தார். ஆனால் தீர்ப்பைத் தானே சொல்லிக்கொள்ளவில்லை. திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போனார், மூல ஓலையைக் காட்டினார், பாட்டனாரின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க விட்டார், சபையார் சொல்லும்வரை காத்திருந்தார். உரிமை உள்ளவனும் சபைக்குக் கட்டுப்பட்டவன் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

நம் மதுரையின் திருவிளையாடலில் சொக்கநாதர் மாமனாக வந்து வழக்குரைக்கிறார். தாயாதிகள் சொத்தைப் பறித்துக்கொண்ட ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் மன்றத்தில் நீதி வாங்கித் தருகிறார். மன்றம் ஏறுவது பாவமானால் அவர் ஏறியிருக்க மாட்டார்.

மனுவின் முதல் வரியாக, 'நான் கடன் வாங்கியது உண்மை, கட்டுவதற்கும் கடமைப்பட்டிருக்கிறேன்' என்று எழுதினோம். அவள்தான் அப்படி எழுதச் சொன்னாள். அவள் பட்டிருப்பது பணத்துக்கான கடன். மானத்தையும் மகளையும் அவள் அடகு வைக்கவில்லை.

சிறுகடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் வகுத்த விதிப்படி, வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக் கூடாது. மிரட்டவோ இழிவாகப் பேசவோ கூடாது. குறித்த பொது இடத்துக்கு அடுத்தடுத்து இரண்டு முறை கடன் வாங்கியவர் வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். ஆகவே அவர்கள் வீடு தேடி வந்ததில் ஒரு நியாயம் இருந்திருக்கலாம். இரவில் வந்ததில் இல்லை. ஏஜென்சி செய்ததற்குக் கடன் கொடுத்த நிறுவனமே பொறுப்பு. வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றமும் 2025-இல் தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது.

முதலில் நிறுவனத்துக்கு எழுதினோம், பதில் இல்லை. பிறகு மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்தோம். தீர்ப்பு இன்னும் வரவில்லை. முடிந்த தொகையை அவள் மாதாமாதம் கட்டி வருகிறாள்.

இதைப் படிக்கும் தாய்மார்களே, வாசலில் யாராவது வந்து உட்கார்ந்தால் தேதியும் நேரமும் வந்தவர் பெயரும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கட்டிய பணத்துக்கு ரசீது கேட்டு வாங்குங்கள். 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை, சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை.