வேலி தாண்டும் ஒலி

சுன்னாகத்தில் ஓர் இளைஞன் பலகை வாங்கி, அளந்து வெட்டி, தன் கையாலேயே 'சப்வூபர்' பெட்டி ஒன்று செய்திருக்கிறான் என எண்ணிக்கொள்ளுங்கள். உள்ளேயுள்ள ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது. அதைக் கழற்றிவிட்டு, வலுக் கூடிய வேறொன்றைப் பூட்ட விரும்புகிறான். பூட்டலாமா?

விட்டம் பொருந்தினால் போதும் என்பர் பலர். அது தவறு. பெட்டிக்குள் அடைபட்ட காற்று, அசையும் கூம்பைச் சுருள்வில் போல் எதிர்த்து நிற்கிறது. பெட்டியின் கொள்ளளவுக்கு ஒவ்வாததைப் பூட்டினால் இசை குழம்பும். 8 ஓம் இருந்த இடத்தில் 4 ஓம் வைத்தால் அம்பிளிபயர் சூடேறி எரியவும் கூடும். ஆகவே, பெட்டி எதைத் தாங்கும் என்று முதலிற் கேட்பதே அறிவுடைமை.

ஆனால் வாசகரே, அதனிலும் பெரிய கேள்வி ஒன்றுண்டு. அயல் எதைத் தாங்கும்?

40 ஹேர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறக்குறைய எட்டரை மீற்றர் நீளமானது. கிடுகு வேலி அதற்குத் தடையல்ல. கல்மதிலும் அதை முற்றாய் மறிக்காது. ஒரு சாண் நிலத்துக்காக வேலி வழக்காடும் நாம், அயலவரின் நித்திரைக்குள் எல்லை தாண்டிப் புகுவதைக் குற்றமென எண்ணுவதில்லை!

'என் வீடு, என் பணம், என் உழைப்பு' என்பது உண்மையே. ஒலியோ நம் வளவுக்குள் நிற்பதில்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி வழங்கலாகாது என இலங்கை உயர் நீதிமன்றம் 2007இல் பணித்தது. வழிபாட்டிடங்களுக்கும் அது பொருந்தும். எனினும் சட்டம் நேரத்தைக் குறிக்கும். அடுத்த வீட்டு நோயாளியின் முனகலை நம் காதுக்குக் கொண்டுவராது.

புதியதைப் பூட்டுங்கள். இயக்கியதும் வேலிக்கு அப்பாற் சென்று நின்று கேளுங்கள். அங்கே பொறுக்கத்தக்கது எதுவோ, அதுவே உங்கள் அளவு.