அரசனின் உருவமும் வயதும்

மதுரைப் புதுமண்டபத் தூண்களில் விஸ்வநாத நாயக்கர் தொடங்கிப் பத்து நாயக்கர்கள் நிற்கிறார்கள். கடைசியாக வருபவர், மண்டபத்தைக் கட்டிய திருமலை நாயக்கர். பருத்த உடல், முன்தள்ளிய தொந்தி, கூப்பிய கைகள், பக்கத்தில் மனைவியர். தொந்தியைக் காட்டி 'யதார்த்தம்' என்பதுண்டு. எனக்கு அது செழிப்பின் குறியீடாகவே படுகிறது. சிலை செய்தபோது அவர் கிழவரல்ல என்று வாதிக்கலாம். ஆனால் அவருடைய முன்னோர்களிலும் ஒருவர்கூட மூத்தவராகத் தெரியவில்லை. பாட்டனுக்கும் பேரனுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. காலம் அந்தக் கல்லுக்குள் நுழையவே இல்லை.

திருமலை நாயக்கர் பட்டமேறிய அதே 1623இல்தான் வெலாஸ்க்வெஸ் ஸ்பெயினின் நான்காம் பிலிப்புக்கு அரசவை ஓவியரானார். 1650களில் அவர் வரைந்த பிலிப் ப்ராடோ மியூசியத்தில் இருக்கிறார். கறுப்பு உடை. கிரீடம் இல்லை, செங்கோல் இல்லை. தொங்கும் கன்னம், கனத்த இமை. குறியீடுகள் விலகிக்கொண்ட இடத்தில் காலம் வந்து உட்கார்ந்திருக்கிறது. தனக்கு வயதாவதைப் பார்க்கப் பிடிக்காமல் ஓவியர் முன் அமரத் தயங்குவதாக அந்த அரசரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆயினும் அமர்ந்தார்.

அங்கே உண்மை, இங்கே பொய் என்று முடித்துவிடுவது சுலபம். நான் அப்படி முடிக்க மாட்டேன். எங்கள் ஊர்க் கோயிலில் ஒரே உடலில் பாதி சிவனும் பாதி திருமாலும் சங்கரநாராயணராக நிற்கிறார்கள். அந்தச் சிலை யார் ஜாடையில் இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. அது முகமல்ல, ஒரு கூற்று. புதுமண்டபத்து நாயக்கரின் கூப்பிய கையும் அப்படித்தான்: ஆள்பவன் இன்னொருவர் முன் நிற்பவன் என்று அது சொல்கிறது. அந்தக் கூற்றுக்கு நரை தேவையில்லை.

ஆனால் அதே சிற்பங்களைப் பற்றி ஒரு கதை உண்டு. அரசியின் சிலையில் தொடையில் ஒரு சில்லு பெயர்ந்ததாம். அங்கே அரசிக்கு மச்சம் இருக்கிறது, அப்படியே இருக்கட்டும் என்றாராம் அமைச்சர் நீலகண்ட தீட்சிதர். அது எப்படி இவருக்குத் தெரியும் என்று அரசர் சந்தேகப்பட, தீட்சிதர் கற்பூரச் சுடரில் தன் கண்களைத் தானே அவித்துக்கொண்டாராம். நடந்ததா என்பது முக்கியமில்லை. பிம்பம் குறியீடாக இருக்கும்வரை அரசனுக்குச் சம்மதம். அது உண்மையான உடலைத் தொட்ட கணமே ஒருவனின் கண் விலையாகிறது. விலை கொடுப்பவன் செதுக்கியவனல்ல, பார்த்தவன். தன் பிம்பத்தைக் காப்பாற்றிக்கொள்ள அடுத்தவனின் பார்வையைக் கேட்க எவருக்கு உரிமை? என் கேள்வி இதுதான்.

இதை எழுத வைத்தது சிற்பமல்ல, நான் உட்காரும் வங்கிக் கவுண்டர். ஓய்வூதியம் வாங்க வந்த ஒரு பெரியவரின் கையெழுத்து, பல வருஷங்களுக்கு முன் கார்டில் போட்ட மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை. மறுபடி போடச் சொன்னேன். மூன்றாம் தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அந்தக் கை இப்ப எங்கிட்ட இல்ல தம்பி" என்றார். மனிதர் எதிரில் நிற்க, நான் கார்டை நம்பினேன். அப்போது நான் நின்றது அரசனின் பக்கம்.

வாழ்நாள் முழுதும் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்த வாத்தியார் அவர். மைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்துப் பெருவிரலை வைத்தார்.