எறும்புகள் விலகும்வரை

திருப்பருத்திக்குன்றத்துக்கு நான் போனது பழைய சமண மடம் இருந்த இடத்தைப் பார்க்க. மனத்தில் தங்கியது வேறொன்று. குரா மரத்தடியில், ஒரு பலிபீடத்தின் மேல் அகல் வைக்க வந்த வயதான அம்மா, முந்தானை நுனியால் அங்கே ஊர்ந்துகொண்டிருந்த எறும்புகளை ஓரமாக ஒதுக்கினார். தட்டிவிடவில்லை, துடைக்கவில்லை, ஒதுக்கினார். அகலைக் கையில் ஏந்தியபடி கடைசி எறும்பும் போகும்வரை நின்றார். பிறகுதான் வைத்தார்.

எங்கள் ஊர் மாகறலிலிருந்து காஞ்சிக்குப் போய், அங்கிருந்து வேகவதி ஆற்றுப் பக்கம் திரும்பினால் பருத்திக்குன்றம். ஜினகாஞ்சி என்று பெயர் பெற்ற இடம். பல்லவன் சிம்மவர்மன் இங்கிருந்த வச்சிரநந்தி என்ற துறவிக்கு ஊர் ஒன்றைக் கொடுத்ததைப் பள்ளன்கோயில் செப்பேடு சொல்கிறது. அதற்குப் பல நூற்றாண்டு கழித்து, 1387 வாக்கில், விஜயநகர அமைச்சர் இருகப்பர் தம் குரு புட்பசேனரின் சொல்லைக் கேட்டு இங்கே சங்கீத மண்டபம் கட்டினார். அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் வாழ்க்கை ஓவியங்களாக இருக்கிறது. கோயில் நன்றாகவே நிற்கிறது. மடம்தான் இல்லை. அது செஞ்சிப் பக்கம் மேல்சித்தாமூருக்கு இடம் மாறி, இன்றும் ஜினகாஞ்சி மடம் என்ற பெயரோடு நடக்கிறது. இங்கே மிஞ்சியவை முனிவாசம் என்று சொல்லும் அறைகளும், மல்லிசேனர், புட்பசேனர் நினைவாக மரத்தடியில் இருக்கும் பீடங்களும். மல்லிசேனருக்கு வாமன முனிவர் என்றும் பெயர். மேருமந்தர புராணம் பாடியவர்.

வீடு வேண்டாம் என்று கிளம்பிய முனிவர்களுக்கு அறை கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களும் போனபின் அறையைக் காப்பாற்றுகிறோம். இது அவர்கள் கேட்ட மரியாதைதானா என்று யோசித்துக்கொண்டு நின்றபோதுதான் அந்த அம்மா வந்தார்.

“யாருக்கும்மா விளக்கு?” என்றேன்.

“யாரோ பெரியவங்க இருந்த எடமாம்பா. எங்க மாமியா ஏத்துவாங்க. நானும் ஏத்தறேன்.”

“எறும்பு போறவரைக்கும் நின்னீங்களே?”

“வெளக்கு வைக்க எடம் வேணுமில்ல?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திகம்பர முனிவர் கையில் மயிற்பீலி இருக்கும். உட்காரும் முன் அதனால் தரையை மெல்லத் தடவுவார். கண்ணுக்குத் தெரியாத உயிர்கூடத் தன் உடம்பின் கீழ் நசுங்கக் கூடாது. அந்த முந்தானை செய்த வேலையும் அதுதான். மடம் போய்விட்டது, மடத்தின் பழக்கம் ஊர்ப் பெண்ணின் கையில் இருக்கிறது என்று எழுதிவிட எனக்கு ஆசை. ஆனால் அவர் சொன்ன பதில் அதற்கு வழிவிடவில்லை. இடம் வேண்டும், ஒதுக்கினேன், அவ்வளவுதான். இடம் மட்டும் வேண்டுமென்றால் ஒரு வீச்சில் துடைத்திருக்கலாமே. ஏன் நின்றார்?

சிறுவயதில் ஆர்ப்பாக்கத்திலிருந்து வரும் ஒரு பையன் என்னோடு படித்தான். மாகறலுக்கும் காஞ்சிக்கும் இடையில் இருக்கும் ஊர் அது. சமணரின் ஆதிநாதர் கோயில் உள்ள ஊர். மாலையில் விளையாட்டு எவ்வளவு சூடு பிடித்திருந்தாலும், வெயில் சாயும்போது அவன் கிளம்பிவிடுவான். “நயினார் வீட்டுப் பிள்ள, வெளக்கு வெச்சா சோறு தின்ன மாட்டான்” என்பாள் பாட்டி. இருட்டில் சாப்பிட்டால் தெரியாமல் பூச்சியைத் தின்றுவிடலாம், விளக்கேற்றினால் பூச்சி வந்து விழும் என்பது நயினார்களான தமிழ்ச் சமணரின் கணக்கு. எங்கள் வீட்டில் ராச்சோறுதான் பெரிய சோறு. தறியிலிருந்து அப்பா எழுவதே இருட்டிய பிறகுதான். ஒரு பூச்சிக்காகப் பசியின் நேரத்தையே மாற்றிக்கொண்ட குடும்பம் பக்கத்து ஊரில் இருக்கிறது என்பது அந்த வயதில் எனக்குப் பெரிய ஆச்சரியம். அந்த ஆச்சரியம் இன்னும் குறையவில்லை.

மாகறல் சிவன் கோயில் சம்பந்தர் பாடிய தலம். அவர் பதிகங்களில் பெரும்பாலும் பத்தாம் பாட்டு சமணரையும் பௌத்தரையும் சாடுவதற்கென்றே ஒதுக்கியதுபோல் இருக்கும். அதைப் பாடி வளர்ந்த வாயோடுதான் நான் அந்தப் பையனோடு விளையாடினேன். யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங், நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களையும் பத்தாயிரம் துறவிகளையும் பற்றி எழுதினார். பல்லவன் மகேந்திரவர்மனின் மத்தவிலாச நாடகத்தில் ஒரு பிக்கு விருந்துண்டுவிட்டுத் தன் விகாரைக்குத் திரும்புகிறான். அத்தனை மடங்களில் ஒன்றின் வாசற்படியைக்கூட நான் காஞ்சியில் பார்த்ததில்லை. காமாட்சி அம்மன் கோயிலிலிருந்து கிடைத்த நின்ற புத்தர் சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறார். சுவர்கள் இப்படிப் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் சுவரைவிட, அந்தப் பத்தாயிரம் பேர் நாள்தோறும் கைக்கொண்ட ஒழுக்கம் எங்கே போனது என்பதுதான் என்னை அரிக்கிறது. எங்கும் போகவில்லையா? அரிசி மாவில் கோலம் போடும்போது எறும்பு தின்னட்டும் என்று சொல்கிறார்களே, அதில் இருக்கிறதா? அல்லது எல்லா மடங்களுக்கும் முன்பே இந்த மண்ணில் இருந்த இரக்கத்தைத்தான் மடங்கள் எடுத்து விதியாக்கினவா?

இதையெல்லாம் நான் விலகி நின்று கேட்க முடியாது. நான் பட்டில் வளர்ந்தவன். கோர்வைச் சேலைக்குக் கரைநாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். பள்ளி விட்டதும் அப்பாவின் பக்கத்தில் குழித்தறியில் உட்கார்ந்துவிடுவேன். பட்டு என்றால் எனக்குக் கர்நாடகத்திலிருந்து வரும் பளபளக்கும் நூல்கழி. அதற்கு முந்தைய கட்டத்தை அங்கே ராமநகரத்தில்தான் பார்த்தேன். சந்தையில் பட்டுக்கூடுகள் குவியல் குவியலாக, ஒவ்வொன்றிலும் ஓர் உயிர். நூற்கும் இடத்தில் கொதிநீர். அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளிவந்தால் இழை அறுந்துவிடும். நூற்றுக்கணக்கான மீட்டர் நீளும் அந்த ஒற்றை இழை அறாமல் கிடைக்க வேண்டுமானால் புழு உள்ளேயே சாக வேண்டும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில். காஞ்சி சங்கர மடத்தின் சந்திரசேகரேந்திர சரஸ்வதி இதற்காகவே பட்டு உடுத்த வேண்டாம் என்றார். பட்டுக்குப் பேர்போன ஊரிலிருந்து அப்படிச் சொல்லத் துணிவு வேண்டும். சொன்னது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் என்னைப் படிக்க வைத்தது அந்தத் தறி. அப்பாவின் காலும் கையும் நாற்பது வருடம் அதில் தேய்ந்தன. அந்த உழைப்பைப் பாவம் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

பூச்சியை நினைத்துச் சாப்பாட்டு நேரத்தை மாற்ற முடிந்தவர்கள் மாற்றினார்கள். வயிற்றுப்பாடே பூச்சியில் இருப்பவன் எதை மாற்றுவது? பட்டை விட்டுப் பருத்திக்குப் போ என்று ஒரு நெசவாளியிடம் சொல்வது எளிது. பருத்தியில் தெளிக்கும் மருந்து எத்தனை உயிரைக் கொல்கிறது என்பது அடுத்த கேள்வி. கொஞ்சம் நின்று, விலகக்கூடியதை விலகவிட்டு, பிறகு நம் வேலையைச் செய்வது போதுமா? கொதிநீருக்குள் இருப்பதற்கு விலக இடமில்லையே. அந்த அம்மாவிடம் இதைக் கேட்டிருந்தாலும் பதில் வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். வாமன முனிவரிடம் பதில் இருந்திருக்கும். அதை ஏற்று வாழ என்னால் முடிந்திருக்குமா என்பது எனக்குத் தெரியவில்லை. வீட்டில் அடுத்த கல்யாணம் வருகிறது. கூறைப்புடவை பட்டுதான் என்று பேசி முடித்தாயிற்று. நான் மறுத்துப் பேசவில்லை, சம்மதம் என்றும் சொல்லவில்லை.