புதையலும் பொறுப்பும்

உழைத்துச் சேர்த்த பொருளுக்கும் திடீரெனக் கிடைத்த பொருளுக்கும் நாணய மதிப்பில் வேறுபாடு இல்லை. ஆயினும் அவற்றை ஆளும் மனம் ஒன்றாக இருப்பதில்லை. உழைத்தவனுக்கு ஒவ்வொரு காசின் வரலாறும் தெரியும். புதையல் கண்டவனுக்கு அதன் தொகை மட்டுமே தெரியும். தனி மனிதனுக்குரிய இவ்வுண்மை ஒரு நாட்டுக்கும் பொருந்துமா? பொருந்துமாயின், புதையல் கண்ட நாட்டின் கடமை யாது? தென் அமெரிக்காவின் வடகரையில் உள்ள கயானா இவ்வினாவை இன்று உலகின்முன் வைத்துள்ளது.

ஏறத்தாழ 2,15,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்நாட்டின் மக்கள் தொகை 9 லட்சத்திற்கும் குறைவே. 1838 முதல் 1917 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்ட இந்தியரின் வழித்தோன்றல்களே அங்குள்ள மிகப் பெரிய இனத்தினர். அவர்களுள் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியோரின் மரபினரும் உண்டு; மொழி மறைந்த பின்னும் அவர்களிடையே மாரியம்மன் வழிபாடு மறையவில்லை. 1966இல் விடுதலை பெற்ற கயானா நெடுங்காலம் வறுமையில் உழன்றது. கற்றோர் பலர் டொராண்டோவுக்கும் நியூயார்க்குக்கும் குடிபெயர்ந்தனர். பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு அவ்வேதனையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

2015 மே மாதத்தில் கயானாவின் கடலடியில் எண்ணெய் கண்டதாக எக்சான்மொபில் நிறுவனம் அறிவித்தது. 2019 டிசம்பரில் உற்பத்தி தொடங்கியது. எடுக்கத்தக்க எண்ணெய் 1,100 கோடி பீப்பாய்க்கு மேல் என மதிப்பிட்டுள்ளனர். 2022ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டின் பொருளாதாரம் 60 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது.

செல்வம் வந்த வழியிலேயே முதற்சோதனையும் வந்தது. 2016ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி நாட்டுக்குரிய ராயல்டி 2 விழுக்காடு. உற்பத்தியில் 75 விழுக்காடு வரை செலவுக்கு ஈடாக நிறுவனங்கள் கழித்துக்கொள்ளலாம். எஞ்சியது சரிபாதியாகப் பிரிக்கப்படும். செலவு முழு அளவில் கழிக்கப்படும் காலத்தில் 100 பீப்பாய்க்கு நாட்டின் பங்கு ஏறத்தாழ 14.5 பீப்பாய்தான். முதலீட்டின் இடரை ஏற்றவர்க்கு ஊதியம் உரியதே. எனினும், தேவை மிக்கவன் சந்தைக்குச் சென்றால் அவன் சரக்கின் விலை அவன் முகத்திலேயே எழுதப்பட்டிருக்கும்.

இரண்டாம் சோதனை அரசியலில் எழுந்தது. 2020 மார்ச்சில் நடந்த தேர்தலின் வாக்கு எண்ணிக்கைப் பூசல் ஐந்து மாதங்கள் நீடித்தது. கருவூலம் நிறைகின்ற வேளையில் அதன் திறவுகோலுக்கான போட்டியும் கடுமையாவது இயல்பு. குடிமக்களின் வரியால் வாழும் அரசு அவர்களுக்கு அஞ்சும். நிலத்தடியிலிருந்து வாழும் அரசுக்கு அவ்வச்சம் குறையும். வளம் மிக்க நாடுகள் பல நல்லாட்சி இழந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வள்ளுவர் அரசனின் செயல்களாக நான்கைக் கூறுகின்றார்: பொருள் வரும் வழியை உண்டாக்குதல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைக் காத்தல், காத்ததை முறையாகப் பகுத்தளித்தல். எண்ணெய் முதல் இரண்டையும் எளிதாக்குகிறது; பின் இரண்டையும் மிகக் கடினமாக்குகிறது.

காத்தலுக்கு நார்வேயை எடுத்துக்காட்டாகக் கூறுவர். 1969இல் எண்ணெய் கண்ட அந்நாடு 1990இல் சட்டமியற்றி, பின்வரும் தலைமுறையினர்க்கென நிதியம் அமைத்தது. கயானாவும் 2019இல் இயற்கை வள நிதியத்துக்குச் சட்டம் இயற்றி, 2021இல் அதனை மாற்றியமைத்தது. ஆனால் 2024இல் விதிகள் திருத்தப்பட்டு, ஆண்டுதோறும் எடுக்கத்தக்க தொகை உயர்த்தப்பட்டது. இது தவறா?

உடனே தவறென்று கூறுதல் எளிது, நீதியன்று. எண்ணெய் காணுமுன்பே நார்வேயில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் செழித்திருந்தன. இன்று மருந்தின்றி வாடும் குழந்தையின் தாயிடம், தன்னினும் வளமாக வாழப்போகும் பேரனுக்காகச் சேமிக்கச் சொல்வது எவ்வகை அறம்? பிறவாதார்க்கு உரிமை உண்டு என்பது மெய். பிறந்து பசித்திருப்பவர்க்கும் அவ்வுரிமை உண்டு.

இவ்விரு உரிமைகளும் மோதாமல் நிற்க வழி ஒன்றுண்டு. எண்ணெய்ப் பணம் வருவாயன்று. விற்ற சொத்தின் விலை. நிலத்தை விற்றவன் அப்பணத்தை விருந்துக்குச் செலவிட்டால் முதல் அழிகிறது. மகனின் கல்விக்குச் செலவிட்டால் முதல் உருமாறுகிறது. ஆதலின் செலவிடலாமா என்பதைவிட, செலவிட்டபின் என்ன எஞ்சுகிறது என்பதே கேட்கத்தக்க வினா. கயானாவின் தலைநகரான ஜார்ஜ்டவுன் கடலின் ஏற்ற மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 2005ஆம் ஆண்டு வெள்ளத்தில் கடற்கரைச் சமவெளி மூழ்கியது. அங்கே உறுதியான கடற்சுவர் எழுப்புவதும் சேமிப்பே. எரியும் எண்ணெய் உலகை வெப்பமாக்கிக் கடலை உயர்த்துவதால், அச்சேமிப்பு கடனடைப்பும் ஆகும்.

2024இல் வயது வந்த குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு லட்சம் கயானா டாலர் வழங்குவதாக அரசு அறிவித்தது. தம் பொருளில் ஒரு பங்கை மக்கள் பெறுவதில் குற்றமில்லை. ஆனால் உரிமையாகப் பெற வேண்டியதைக் கொடையாகப் பெற்றுப் பழகியவர், கணக்குக் கேட்கும் நாவை மெல்ல இழப்பர். கையில் வந்த தொகையோடு மனநிறைவு கொள்ளாமல், கைக்கு வராத தொகை எங்கே என்று கேட்பவரே உண்மையான குடிமக்கள்.

எண்ணெய்க் கிணறு ஒருநாள் வற்றும். அன்று அந்நாட்டில் கற்ற இளைஞரும் விளையும் வயலும் வெள்ளம் தாங்கும் கரையும் இருக்குமாயின், புதையல் செல்வமாயிற்று எனலாம். ஊரைவிட்டுப் பெயர்ந்தோரின் பிள்ளைகள் திரும்பிவர விரும்பும் நாடாக அது இருக்குமா என்பதே, எந்த வளர்ச்சி விழுக்காட்டையும்விட நம்பத்தக்க அளவுகோல்.