சீட்டு எழுதிய பிறகு

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஒரு நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து அனுப்பும்போது, அவரைக் காக்கும் பொறுப்பு எப்போது கைமாறுகிறது? சீட்டில் கையெழுத்திடும்போதா, வண்டி கிளம்பும்போதா, அங்கே படுக்கை கிடைக்கும்போதா? நிர்வாகத்தைப் பற்றியது போலத் தோன்றினாலும் இது அறத்தைப் பற்றிய கேள்வி.

கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸ்வாசிக்குச் சீட்டுக்கும் படுக்கைக்கும் இடையிலான இந்த இடைவெளி சிறியது. டாலிகஞ்சில் உள்ள எம்.ஆர்.பாங்கூர் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. சியால்தா தெற்கு ரயில் பிரிவில் சுந்தரவனத்தை நோக்கிப் போகும் பாதையில் உள்ள மதுராப்பூர்க்காரருக்கு அப்படியில்லை. 1992 ஜூலை 8 அன்று மாலை, விவசாயத் தொழிலாளர் சங்க உறுப்பினர் ஒருவர் அந்த ஊர் ரயில் நிலையத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமடைந்தார். உள்ளூர் சுகாதார நிலையத்தில் வசதி இல்லை. எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் என்.ஆர்.எஸ். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, உடனே சேர்க்க வேண்டும் என்றும் எழுதினார்கள். ஆனால் படுக்கை இல்லை. அங்கிருந்து கொல்கத்தா மருத்துவக் கல்லூரி, சம்புநாத் பண்டிட் மருத்துவமனை என்று ஒவ்வொரு வாசலாக அந்த இரவு கழிந்தது. காலையில் நரம்பியல் கழகமொன்றில் பணம் கட்டி எடுத்த ஸ்கேனில் மூளையில் ரத்தக்கசிவு தெரிந்தது. அங்கும் இடமில்லை. கடைசியில் தனியார் மருத்துவமனையில் சேர்ந்தார். செலவு சுமார் 17,000 ரூபாய்.

எழுதிக் கொடுத்தவர்கள் எல்லோருமே விதிப்படி ஒன்றைச் செய்திருக்கிறார்கள். ஆனால் நோயாளி யார் கையிலும் இல்லை. தன்னால் இயலாததைச் செய்யும்படி எந்த மருத்துவரையும் அறம் கட்டாயப்படுத்தாது. தலைக்காயத்தை மேலிடத்துக்கு அனுப்பியது சரியே. ஆனால் அனுப்புவது வேறு, ஒப்படைப்பது வேறு.

அடைக்கலம் தருவதைச் சிலப்பதிகாரம் ஆழமாக எண்ணிப் பார்க்கிறது. சமணத் துறவியான கவுந்தி, கண்ணகியை ஆயர் குலப் பெண்ணான மாதரியிடம் விடும்போது வெறுமனே கைகாட்டிவிட்டுப் போகவில்லை. அவள் யார், வழியில் என்ன பட்டாள், எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எல்லாம் சொல்கிறார். மாதரி ஏற்றுக்கொண்ட பிறகே பிரிகிறார். பின்னர் கண்ணகியின் கணவன் கொல்லப்பட்ட துயரச் செய்தி வந்தபோது மாதரி தீயில் விழுகிறாள், கவுந்தி உண்ணாநோன்பிருந்து உயிர் விடுகிறார். அந்த முடிவுகளை இன்று யாரும் கேட்கப் போவதில்லை. ஆனாலும் பெற்றுக்கொண்டவளுக்கும் ஒப்படைத்தவருக்கும் பொறுப்பு சேர்ந்தே இருந்தது என்பதைக் காவியம் ஐயமின்றிச் சொல்கிறது. ஏற்பவர் ஏற்கும் வரை பாரம் அனுப்பியவர் தலையிலேயே இருக்கிறது; ஏற்ற பிறகும் முழுதாக இறங்குவதில்லை.

மதுராப்பூரில் விழுந்த அந்தத் தொழிலாளியின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் 1996 மே 6 அன்று இதற்கு நெருங்கிய இடத்துக்கே வந்தது. உரிய நேரத்தில் சிகிச்சை தராதது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையை மீறுவதாகும், நிதி இல்லை என்பது சாக்காகாது என்று கூறி, 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. முதலுதவி செய்து நோயாளியின் நிலையைச் சீராக்குவது, மேல் மருத்துவமனையில் படுக்கை இருப்பதை உறுதி செய்துகொண்டு மாற்றுவது ஆகியவற்றையும் வலியுறுத்தியது.

இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்தும், 2024இல் மேற்கு வங்க இளநிலை மருத்துவர்களின் கோரிக்கைகளில் மையப்படுத்தப்பட்ட பரிந்துரை முறை இடம்பெற்றது. அந்த அக்டோபரில் சோதனை முயற்சியாகச் சோனார்பூர் கிராமப்புற மருத்துவமனையிலிருந்து எம்.ஆர்.பாங்கூருக்கு, படுக்கையை முன்கூட்டியே உறுதி செய்துகொண்டு நோயாளியை அனுப்பினார்கள். இது எல்லா மாவட்டங்களிலும் நடைமுறையாக வேண்டும். அதுவரை சீட்டைக் கையில் வாங்குகிறவர்கள், "அங்கே பேசியாச்சா, படுக்கை இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.