சிறிய இன்பமும் அதன் விலையும்

இன்பத்தைச் சிற்றின்பம், பேரின்பம் என இரண்டாகப் பகுத்து, முன்னதை விலக்கவும் பின்னதை நாடவும் நம் முன்னோர் கற்பித்தனர். சிற்றின்பம் என்பது புலன்வழி வரும் போகங்களைக் குறிக்கும் சொல். ஆனால் இவ்விரண்டிலும் எளிதில் அடங்காத மகிழ்ச்சிகள் சில உண்டு. வெயிலுக்குப் பின் வரும் காற்று, இரயிலில் கிடைக்கும் சன்னலோர இருக்கை, வாசலில் இட்ட கோலம் முதலியன அவ்வகையின. அறவழியில் நிற்க விரும்புவோர் இவற்றையும் துறத்தல் வேண்டுமா, துய்க்கலாமா? சென்னை மாநகரில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்ட எனக்கு இக்கேள்வி அடிக்கடி எழுவதுண்டு.

பெருநகர வாழ்வைப் பழித்துரைப்பது எளிது. நெரிசலும் புகையும் இரைச்சலும் உண்மையே. ஆயினும் இந்நகரம் தன் மக்களுக்கு நாள்தோறும் வழங்கும் கொடைகளும் பல. கோடையில் நண்பகல் கடந்தபின் கிழக்கிலிருந்து கடற்காற்று வீசத் தொடங்கும். நிலம் விரைவிலும் கடல் மெதுவாகவும் சூடேறுவதே இதற்குக் காரணம் என்று வகுப்பறையில் எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் அக்காற்று முகத்தில் படும்போது பாடம் மறந்துபோய், "அப்பாடா" என்ற ஒரு சொல்தான் வாயில் வருகிறது. 1931-ஆம் ஆண்டில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே தொடங்கிய மின்தொடர் வண்டியில், கூட்டம் குறைந்த வேளையில் சன்னலோரம் அமர்ந்து செல்வது ஒரு மகிழ்ச்சி. 1896-இல் திறக்கப்பெற்ற எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில், வெளியே வாகனங்கள் ஓயாது இரைந்துகொண்டிருக்க, உள்ளே பக்கம் புரளும் ஓசையை மட்டும் கேட்டபடி படிப்பது மற்றொரு மகிழ்ச்சி.

இவற்றில் எதுவும் எவர்க்கும் சொந்தமன்று. கடற்காற்றுக்குப் பட்டா இல்லை. நூலகத்து நூலைக் குறித்த நாளில் திருப்பித் தர வேண்டும். இறங்கும் நிலையம் வந்ததும் சன்னலோர இருக்கையை விட்டு எழ வேண்டும். அடுத்து அமர்பவர் யார் என்று நாம் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. உடைமையாக்கிக்கொள்ளாமல் துய்க்கவும், வேளை வந்ததும் வருத்தமின்றி விடவும் இந்நகரமே நமக்குப் பயிற்சி அளிக்கிறது. எனவே இத்தகைய இன்பங்களில் குற்றமில்லை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் முழுமையானதன்று என்பதை 2019-ஆம் ஆண்டின் கோடை எனக்கு உணர்த்திற்று.

அவ்வாண்டு சூன் மாதத்தில் சென்னைக்கு நீர் வழங்கும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. தெருமுனைகளில் குடங்கள் வரிசையாகக் காத்துக் கிடந்தன. எங்கள் குடியிருப்பில் பணம் கொடுத்து லாரி நீரை வாங்கித் தொட்டியில் நிரப்பிக்கொண்டோம். அதனால் என் வழக்கம் மாறவில்லை. விடியற்காலையில் எழுந்து, இரண்டு வாளி நீரால் வாசலைக் கழுவி, அரிசிமாவால் கோலமிடுவேன். எறும்புக்கும் உணவாகும் அக்கோலம் எனக்கு ஒரு மனநிறைவைத் தந்துவந்தது.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் ஒரு நாள், "அம்மா, ஒரு குடம் தண்ணி எடுத்துட்டுப் போகட்டுமா?" என்று தயங்கிக் கேட்டாள். "நாளைக்கு லாரி வருமோ வராதோ தெரியவில்லையே, அம்மா" என்றேன். அவள் மறுவார்த்தை பேசவில்லை. மறுநாள் விடியலில் நான் வழக்கம்போல் வாசல் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் வந்து நின்றாள். கோலத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கும்மா. எங்க வாசல்ல கோலம் போட்டு ரெண்டு மாசம் ஆச்சு" என்றாள். அவள் குரலில் குறை கூறும் தொனி சிறிதும் இல்லை. என் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தேன். அன்று அவள் ஒரு குடமன்று, இரண்டு குடங்கள் எடுத்துச் சென்றாள். ஆயினும் முதல் நாள் நான் சொன்ன சொல்லை அதனால் அழிக்க முடியவில்லை.

அதுவரை நான் எண்ணிப் பாராத உண்மை ஒன்று அப்போது புலனாயிற்று. வறட்சி வரும்போது ஏழை வீட்டில் சோறு பொங்கும் நீருக்கு எப்படியோ வழி தேடிவிடுவார்கள். அங்கே முதலில் மறைவது இத்தகைய சிறிய இன்பமே. என் வாசலில் கோலம் தங்கியதும் அவள் வாசலில் அது மறைந்ததும் வெவ்வேறு நிகழ்ச்சிகள் அல்ல.

அவ்வாண்டு சூலை 12-ஆம் நாள், 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஜோலார்பேட்டையிலிருந்து 50 பெட்டிகளில் 25 லட்சம் லிட்டர் நீருடன் முதல் இரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. நகரத்தின் தாகம் தீர, வேறோர் ஊரின் பங்கிலிருந்து நீர் புறப்பட்டு வந்தது. அந்நீரில் எத்தனை வாளி வாசல் கழுவப் போயிற்றோ! "ஒரு வீட்டின் இரண்டு வாளியால் மாநகரத்தின் வறட்சி தீர்ந்துவிடுமா?" என்று சிலர் கேட்கலாம். தீராதுதான். ஆனால் என்னிடம் நீர் கேட்டவர் மாநகர மக்கள் அனைவரும் அல்லர். ஒரே ஒரு பெண். அவள் கேட்டது ஒரே ஒரு குடம். அவ்வளவைத் தீர்க்க என் இரண்டு வாளி போதுமானதாக இருந்தது.

அதற்காக இன்பங்களையே வெறுத்து ஒதுக்குவதும் தீர்வாகாது. கோலமே தீது என்று நான் முடிவு செய்திருந்தால், அப்பெண் இழந்து வருந்தியதையும் அற்பமென்று சொன்னவளாவேன். அவள் ஏக்கம் நியாயமானது. அவள் வாசலுக்கும் கோலம் வேண்டும். ஆகவே, ஓர் இன்பத்தைத் துய்க்குமுன் இரண்டு கேள்விகளை நம்மை நாமே கேட்டுக்கொள்வது நன்று. இதன் விலையை என்னையன்றி வேறு யாரேனும் செலுத்துகின்றனரா? இதைப் பிறரோடு பகிர என் மனம் இசைகின்றதா? கடற்காற்று இவ்விரு சோதனைகளிலும் தேறிவிடும். என் இரண்டு வாளி தேறவில்லை. நம் இல்லங்களில் நீரை வடிகட்டி அருந்தும் வழக்கத்தைக் கைவிடாது போற்றுகிறோம். கண்ணுக்குத் தெரியாத உயிர்க்கு இரங்கும் நாம், கண்ணெதிரே குடத்துடன் நிற்கும் உயிரை மறப்பது பொருந்துமா?

மழைநீர் சேகரிப்பு அமைப்பு 2003-ஆம் ஆண்டிலேயே தமிழகமெங்கும் கட்டாயமாக்கப்பட்டது. எங்கள் குடியிருப்பிலும் அது இருந்தது. குழி தூர்ந்து கிடந்தது. அந்தக் கோடை முடியுமுன் அண்டை வீட்டாருடன் சேர்ந்து அதைத் தூர்வாரச் செய்தோம். ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் அதைப் பார்வையிடுவது இப்போது என் பொறுப்பு. இப்போதும் விடியலில் கோலமிடுகிறேன். வாசலைத் துடைப்பத்தால் பெருக்கி, ஒரு செம்பு நீரை மட்டும் கையால் தெளிக்கிறேன். கோலம் முன்னைப்போலவே அமைகிறது; எறும்புகளும் தவறாமல் வருகின்றன. வாசகர்களும் தத்தம் இல்லத்தில் அன்றாடம் துய்க்கும் சிறிய இன்பம் ஒன்றை எடுத்து, அதன் விலையை யார் செலுத்துகின்றனர் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.